ஊக்கத்தொகை யாரைச் சென்றடைகிறது? கொங்கு மண்டலத்தில் மாற்றுத்திறனாளித் தொழிலாளரும் சாதியும்

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் தனியார் நிறுவனங்களுக்கு அரசு நிதிச்சலுகை வழங்க வேண்டும் என்பது 1995 முதல் இந்தியச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் கடமை. அதை நிறைவேற்றுவதற்கென்றே ஒன்றிய அரசு 2008-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2016-இல் வந்த புதிய சட்டமும் அதே கடமையை மீண்டும் உறுதிசெய்தது. எனினும், கோவையின் பட்டறைகளிலும் திருப்பூரின் பனியன் நிறுவனங்களிலும் சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களிலும் வேலை தேடும் தலித் மாற்றுத்திறனாளி ஒருவரின் வாழ்வில் இவை எதுவும் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் கொண்டுவரவில்லை.

'விழிப்புணர்வு போதவில்லை' என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை. விழிப்புணர்வு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. வேலை தருவோருக்கான ஒன்றிய அரசின் உதவிகள் ஒரே வாயில் வழியாகவே செல்கின்றன. அந்த வாயில், நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பதிவேடு. அதில் பெயர் ஏறாத தொழிலாளியின் பொருட்டு எந்த உதவியும் புறப்படுவதில்லை. கொங்கு மண்டலத்தில் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்று கேட்டால், சாதியைத் தொடாமல் விடை சொல்ல இயலாது. நடப்பில் உள்ள உதவிகள் எவை, அவை எங்கே நின்றுவிடுகின்றன, இருக்கும் சட்டத்தைக் கொண்டே நாம் எவற்றைக் கேட்க முடியும் என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதன் 41-ஆம் பிரிவில், தொழிலாளர் தொகையில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருப்பதை உறுதிசெய்ய முதலாளிகளுக்கு ஊக்கச் சலுகைகள் வழங்க வேண்டும் என்றது. ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்தது. அதன் 27-ஆம் உறுப்பும் தனியார் துறை வேலைவாய்ப்பை ஊக்கச் சலுகைகள் மூலம் வளர்க்கலாம் என்கிறது. அவ்வுடன்படிக்கைக்கு ஏற்ப இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களில் 4 சதவீதத்திற்குக் குறையாத இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்குகிறது. தனியார் துறைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அவ்விடத்தில் இருப்பது 35-ஆம் பிரிவு. தனியார் நிறுவனங்களின் தொழிலாளர்களில் குறைந்தது 5 சதவீதத்தினர் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உடையவர்களாக இருப்பதை உறுதிசெய்ய, உரிய அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு ஊக்கச் சலுகைகள் வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது.

இந்தப் பிரிவைக் கவனமாக வாசிக்க வேண்டும். முதலாளி 5 சதவீதத்தினரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று இது சொல்லவில்லை. கடமை அரசின் மீது விழுகிறது. 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்ற தொடர் அக்கடமையைத் தளர்த்தினாலும் அழித்துவிடவில்லை. திட்டம் வகுக்காமலே இருப்பதற்கு அத்தொடர் அனுமதி தருவதாகக் கொள்ள முடியாது. மேலும், கடமை ஒன்றிய, மாநில அரசுகளோடு நிற்கவில்லை. உள்ளாட்சி அமைப்புகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. அப்படியானால் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாநகராட்சிகளும் இப்பிரிவின்கீழ்ப் பொறுப்புடையவையே. பொது விவாதத்தில் இக்கூறு ஏறக்குறையப் பேசப்படுவதே இல்லை.

நிறுவனங்கள் மீது நேரடியாக விழும் கடமைகளும் உண்டு. 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும், தனியார் நிறுவனம் உட்பட, சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களின் கொள்கையில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டின் விதிகள் விரிவாகச் சொல்கின்றன. 22-ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிப் பணியாளர் குறித்த பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் 89-ஆம் பிரிவின்கீழ் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

2008 திட்டமும் அதன் கணக்கும்

2007-08 நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம், ஆண்டுக்கு ஒரு லட்சம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியார் துறையில் வேலை என்ற இலக்கை அறிவித்தார். அதற்கு 1,800 கோடி ரூபாய் ஒதுக்கீடும் சொல்லப்பட்டது. 2008 ஏப்ரல் 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பு எளியது. மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளி ஒருவரைப் புதிதாக வேலைக்கு அமர்த்தினால், வருங்கால வைப்பு நிதிக்கும் (பி.எஃப்.) தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கும் (இ.எஸ்.ஐ.) முதலாளி செலுத்த வேண்டிய பங்கை முதல் மூன்றாண்டுகளுக்கு ஒன்றிய அரசே செலுத்தும் என்று தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கான ஊதிய வரம்பு பிறருக்கு 21,000 ரூபாயாக இருக்க, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய் என்று வைக்கப்பட்டிருப்பதும் இதையொட்டியே. ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற இலக்கு எந்த ஆண்டிலும் எட்டப்படவில்லை.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறும் ஒரு தொழிலாளி என்று கொள்வோம். பி.எஃப். நிதிக்கு முதலாளியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு இன்றைய விகிதம் 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். ஆக, இன்றைய விகிதத்தில் ஒரு தொழிலாளிக்கு அரசு ஏற்கும் தொகை மாதம் 1,830 ரூபாய். இதைப் பெற ஊனச் சான்று, பணி நியமன விவரம், இரு நிறுவனங்களிலும் பதிவு ஆகிய அனைத்தும் தேவை.

இனி, ஒன்றிய அரசு 2025 ஆகஸ்ட் 1 முதல் நடத்திவரும் பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவை எடுத்துக்கொள்வோம். அது மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டமன்று. பொதுவான வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம். 10,000 ரூபாய்க்கு மேல் 20,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் கூடுதல் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளிக்கு மாதம் 2,000 ரூபாய் வரை கிடைக்கிறது. இரண்டாண்டுகளுக்கு இது உண்டு. உற்பத்தித் துறையாயின் நான்காண்டுகள். அதாவது, மேற்சொன்ன அதே 12,000 ரூபாய் ஊதியத்தில், எந்தக் குறைபாடும் இல்லாத ஒருவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்குக் கிடைக்கும் தொகை, மாற்றுத்திறனாளியை எடுப்பதற்கென்று வகுக்கப்பட்ட சலுகையைவிட அதிகம். 'சிறப்பு' ஊக்கத்தொகை தன் சிறப்பை இழந்துவிட்டது. புதிய திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் கூறு எதுவும் இல்லை. அதுவும் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் வழியாகவே செல்கிறது.

மாநில அரசின் அணுகுமுறையும் பெருநிறுவனங்களை நோக்கியதாகவே இருக்கிறது. 2024-25 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் ஆகியோரில் 500 பேருக்கு மேல் வேலை தரும் புதிய தொழில் நிறுவனங்களுக்கு, ஊதியத்தில் 10 சதவீதத்தை முதல் இரண்டாண்டுகளுக்கு மானியமாக வழங்கும் அறிவிப்பு வந்தது. நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் மூன்று பிரிவினரையும் ஒரே எண்ணிக்கையில் சேர்க்கும்போது, 500 பெண்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஒரு மாற்றுத்திறனாளியையும் எடுக்காமலே தகுதி பெற்றுவிடக்கூடும். 500 என்ற வரம்பு கொங்கு மண்டலத்தின் சிறு, குறுந்தொழில்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

பதிவேட்டுக்கு வெளியே இருக்கும் கொங்கு

கோவையின் பெருமையாகச் சொல்லப்படும் பம்பு, மோட்டார், கிரைண்டர் தொழில்கள் பெரிய ஆலைகளுக்குள் மட்டும் நடப்பவையல்ல. வார்ப்படம் ஓரிடம், லேத் வேலை ஓரிடம், காயில் சுற்றுவது ஓரிடம் என்று கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி போன்ற பகுதிகளில் நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளில் அவை சிதறிக் கிடக்கின்றன. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில் செல்லும் பனியன், தையல், காஜா, பட்டன், செக்கிங், பேக்கிங் என்று பல ஜாப் ஒர்க் கூடங்களைக் கடந்து வருகிறது. விசைத்தறியில் ஜவுளி உற்பத்தியாளர் நூலைக் கொடுக்கிறார். தறி உரிமையாளர் கூலிக்கு நெய்து தருகிறார். தறி ஓட்டும் தொழிலாளி அவருக்கும் கீழே நிற்கிறார்.

வருங்கால வைப்பு நிதி பொதுவாக 20 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும், இ.எஸ்.ஐ. 10 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் இந்த அமைப்பு அவ்வெண்களுக்குக் கீழேயே பெரும்பாலான கூடங்களை வைத்திருக்கிறது. எண்ணிக்கை கூடும் இடங்களில் ஒப்பந்ததாரர், ஏஜென்ட், 'பயிற்சியாளர்' என்ற பெயர்கள் நுழைந்துவிடுகின்றன. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம் பெண்களைப் பயிற்சியாளர்களாகவே பல ஆண்டுகள் வைத்திருந்ததை நாம் அறிவோம். அவர்களில் பெரும்பங்கினர் தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

உட்கார்ந்த நிலையில் செய்யக்கூடிய காயில் சுற்றுதல், பிசிறு வெட்டுதல், செக்கிங், மடித்தல் போன்ற வேலைகள்தாம் நடமாட்டக் குறைபாடு உடையோருக்கு எளிதில் கிடைக்கக்கூடியவை. அவ்வேலைகளே வீட்டுக்கும் சிறு கூடத்துக்கும் பீஸ் ரேட்டில் அனுப்பப்படுபவையும்கூட. ஆகவே மாற்றுத்திறனாளி எங்கே வேலை செய்ய முடிகிறதோ அங்கே பதிவேடு இல்லை. பதிவேடு எங்கே இருக்கிறதோ அங்கே சாய்தளமோ, பயன்படுத்தத்தக்க கழிப்பறையோ, சைகைமொழி அறிந்த மேற்பார்வையாளரோ இல்லை. ஊக்கத்தொகை இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது.

சாதி எங்கே நுழைகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். பட்டியல் சாதியினரின் மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.45 சதவீதம். பட்டியல் பழங்குடியினர், பட்டியல் சாதியினர் அல்லாத பிறரிடையே இது 2.18 சதவீதம். இந்த இடைவெளி இயற்கை விளைவித்ததன்று. ஊட்டச்சத்தின்மை, எட்டாத மருத்துவம் ஆகியவற்றோடு, ஆபத்தான வேலைகள் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன என்பதும் இதற்குக் காரணம்.

கொங்கு மண்டலத்தில் துப்புரவுப் பணி பெரும்பாலும் அருந்ததியர் மீதே சுமத்தப்பட்டுள்ளது. கழிவுநீர்ப் பாதையிலும் குப்பை வண்டியிலும் ஏற்படும் காயங்கள், நோய்கள் அவர்கள் உடலிலேயே தங்குகின்றன. 2016 சட்டத்தின் 20(4)-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இயலாவிடில் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் இப்பாதுகாப்பு அரசு நிறுவன ஊழியருக்கு மட்டுமே. மாநகராட்சிகள் துப்புரவுப் பணியை ஒப்பந்ததாரரிடம் கொடுத்தபோது, அப்பணியாளர்கள் மாநகராட்சியின் தெருக்களில் இருந்துகொண்டே இப்பிரிவின் பாதுகாப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் கை முறிந்தால், சட்டத்தின் பார்வையில் அவர் மாநகராட்சியின் ஊழியரே அல்லர் என்ற வாதம் தயாராக இருக்கிறது.

அரசு வேலை இடஒதுக்கீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 1992-இன் இந்திரா சாஹ்னி தீர்ப்பின்படி மாற்றுத்திறனாளிகளுக்கான இடஒதுக்கீடு கிடைமட்டமானது. தேர்வானவர் பட்டியல் சாதியினராயின் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் கணக்கிடப்படுவார். ஆனால் அந்த 4 சதவீதத்துக்குள் பட்டியல் சாதி மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்று பார்க்கும் கடமையை 2016 சட்டம் யாருக்கும் தரவில்லை. 22-ஆம் பிரிவின் பதிவேட்டில் சாதிக்கென்று இடமில்லை. 2008 திட்டத்தின் நிபந்தனைகளிலும் இல்லை. கணக்கில் வராத விலக்கல் கேள்விக்கும் வருவதில்லை.

இரட்டை ஒடுக்குமுறையை நீதிமன்றம் காணாமல் இல்லை. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமை தொடர்பான படான் ஜமால் வலி வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாலினம், சாதி, குறைபாடு ஆகியவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒடுக்குமுறையை உருவாக்குவதை விரிவாகப் பதிவுசெய்தது. ஆயினும் அதே தீர்ப்பில், சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பது அப்போதைய சட்டச் சொற்களின்படி நிறுவப்படவில்லை என்று கூறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. பாலியல் வன்கொடுமைக்கான தண்டனை நிலைத்தது. சட்டம் ஒவ்வோர் ஒடுக்குமுறைக்கும் தனித்தனி வாயில் வைத்திருக்கும்போது, இரண்டையும் ஒருசேர அனுபவிப்பவர் இரண்டு வாயிலிலும் தடுக்கப்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வேலைவாய்ப்பு உதவியிலும் இதுவே நிகழ்கிறது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்கள் குறைபாட்டைப் பெரிதும் காண்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத் திட்டங்கள் சாதியைக் காண்பதில்லை.

தொழிலாளி தரும் மானியம்

முதலாளிக்கு மானியம் தருவது அரசு மட்டுமன்று. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 26(1) என்றொரு பிரிவு இருந்தது. ஊனமுற்ற ஊழியர்களுக்கு வழங்கப்படும் ஊதியத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. குறைந்த ஊதியத்துக்கு வேலை வாங்க அனுமதிப்பதே ஊனமுற்றோருக்கு வேலை கிடைக்கச் செய்யும் வழி என்ற எண்ணம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்பது இதன் பொருள்.

சட்டத்தில் எழுதப்படாத வடிவில் அவ்வெண்ணம் இன்றும் வாழ்கிறது. 'உனக்கு வேலை கொடுத்ததே பெரிது' என்ற சொல்லை மாற்றுத்திறனாளிகளும் கேட்கிறார்கள். பரம்பரையாகத் தோட்டத்து வேலைக்குக் கட்டுப்பட்டிருந்த தலித் குடும்பங்களும் கேட்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்தவருக்குப் பேரம் பேசும் ஆற்றல் இருமடங்கு குறைகிறது. பக்கத்துத் தொழிலாளி வாங்கும் கூலியில் ஒரு பகுதியை அவர் விட்டுக்கொடுக்கும்போது, உண்மையில் அவரே முதலாளிக்கு மானியம் தருகிறார். அரசின் ஊக்கத்தொகை அந்த இழப்பை ஈடுசெய்திருக்க வேண்டும். பதிவேடு இல்லாத இடத்தில் அது வருவதில்லை.

'சொந்தமாகத் தொழில் செய்யுங்கள்'

வேலை தர இயலாத அரசு, சுயதொழிலைக் கைகாட்டுகிறது. இதற்கு உதவிகள் உண்டு. தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பட்டியல் சாதியினரும் மாற்றுத்திறனாளிகளும் சிறப்புப் பிரிவினர். அவர்களுக்கு மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், ஊரகத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. 1997-இல் தொடங்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிதி வளர்ச்சிக் கழகத்தின் கடன்களும் உள்ளன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தையல் இயந்திரமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் வழங்குகிறது.

ஆனால் கடை வைப்பது என்பது வாடிக்கையாளரையும் உள்ளடக்கியது. 2018-இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டதை நாடறியும். அரசு நியமித்த சமையலருக்கே அந்நிலை என்றால், தவழ்ந்தோ ஊன்றுகோலிலோ வந்து தெருமுனையில் சிற்றுண்டிக் கடை போடும் தலித் மாற்றுத்திறனாளிக்கு ஊர்த்தெரு வாடிக்கையாளர்கள் வருவார்களா? கடன் திட்டங்களின் வெற்றி, தோல்வியைக் கணக்கிடும் எவரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. கடனைத் திருப்பிச் செலுத்தாதவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு மிஞ்சுகிறது.

பிற நாடுகளின் வழி

ஜெர்மனியில் 20 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் 5 சதவீத இடங்களைக் கடுமையான குறைபாடு உடையோருக்குத் தர வேண்டும். தராதவர்கள் ஈட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்நிதியே பணியிடத்தைத் தகவமைக்கவும் வேலை தரும் நிறுவனங்களுக்கு உதவவும் செலவிடப்படுகிறது. பிரான்சு 1987-இல் 6 சதவீதம் என்று வகுத்தது. ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் தனியார் துறைக்கு 2.5 சதவீதம், எட்டாத பெருநிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன. இந்நாடுகளில் ஊக்கமும் கட்டாயமும் ஒன்றாகச் செல்கின்றன. வேலை தராதவரிடமிருந்து வாங்கித் தருபவருக்குக் கொடுக்கப்படுகிறது. பிரிட்டனில் 1994 முதல் நடப்பிலுள்ள 'அக்சஸ் டு ஒர்க்' திட்டம் வேறொரு பாடம் தருகிறது. அங்கே உதவி தொழிலாளியின் பெயரில் வழங்கப்படுகிறது. கருவி, சைகைமொழி பெயர்ப்பாளர், பணியிடத்துக்குச் செல்லும் பயணச் செலவு ஆகியவற்றுக்குத் தொழிலாளியே விண்ணப்பிக்கிறார்.

தொழிலாளியோடு செல்லும் உதவிக்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற எளிய பணிகளையும், குறைந்த வேலை அளவுக்கு முழு ஊதியத்தையும் 2012-ஆம் ஆண்டு அரசாணை உறுதிசெய்தது. முதலாளியின் பதிவேடு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இப்போதே கேட்கக்கூடியவை

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை இருக்கும் சட்டத்தைக் கொண்டே செய்ய முடியும்.

1. உள்ளாட்சி அமைப்புகளிடம்: 35-ஆம் பிரிவின்கீழ் என்ன ஊக்கச் சலுகை வகுத்துள்ளீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் சிறு பட்டறைகளுக்குச் சொத்துவரியிலோ உரிமக் கட்டணத்திலோ தள்ளுபடி வழங்குவதை மாமன்றத் தீர்மானமாக வலியுறுத்தலாம். இதற்குப் பி.எஃப். பதிவேடு தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அவ்வுறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி இதுவே. அவ்வுறுப்பினர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

2. வருங்கால வைப்பு நிதி மண்டல அலுவலகத்திடமும் இ.எஸ்.ஐ. அலுவலகத்திடமும்: 2008 திட்டத்தின்கீழ் இந்த மண்டலத்தில் இதுவரை எத்தனை நிறுவனங்கள், எத்தனை தொழிலாளர்கள், எவ்வளவு தொகை என்று ஆண்டுவாரியாகக் கேட்கலாம்.

3. மாநில ஆணையரிடம்: கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் எத்தனை நிறுவனங்கள் 21-ஆம் பிரிவின் சமவாய்ப்புக் கொள்கையைப் பதிவுசெய்துள்ளன என்று கேட்கலாம், பதிவுசெய்யாதவை மீது புகார் தரலாம். ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் சில உண்டு. அவர் பரிந்துரைத்தால், உரிய அமைப்பு மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 81-ஆம் பிரிவு.

4. வேலையில் ஊனமுற்றவர்களுக்கு: இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் நிரந்தர ஊன உதவித்தொகை கேட்கலாம். இல்லையெனில் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட நெறிகளின்படி இழப்பீடு கோரலாம். ஒப்பந்ததாரரோடு, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது மிக முக்கியம். விபத்து நாளிலிருந்து இரண்டாண்டுக் கால வரம்பைத் தவறவிடக் கூடாது. விபத்துப் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு, சக தொழிலாளியின் சாட்சியம் ஆகியவற்றை முதல் நாளே திரட்ட வேண்டும்.

5. மாணவர்களுக்கு: தனியார் கல்லூரியும் இச்சட்டத்தின்படி ஒரு நிறுவனமே. உங்கள் கல்லூரி சமவாய்ப்புக் கொள்கையைப் பதிவுசெய்துள்ளதா, அதன் ஊழியரில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் அவர்களுக்கு வாய்ப்பளிக்கின்றனவா என்று நிர்வாகத்திடம் எழுத்துவடிவில் கேளுங்கள். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் 32-ஆம் பிரிவின்படி மாணவர் சேர்க்கையில் 5 சதவீதம் ஒதுக்கப்பட்டுள்ளதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

6. தனித்துவ அடையாள அட்டை: 40 சதவீதச் சான்றும் இவ்வட்டையும் இல்லாமல் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்க இயலாது. மருத்துவமனைக்கு ஒரு நாள் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய குடும்பங்களே அட்டையின்றி இருக்கின்றன. தலித் குடியிருப்புகளிலேயே மதிப்பீட்டு முகாம் நடத்தக் கோரி மாவட்ட ஆட்சியரிடம் மனு அளிப்பது நமது அமைப்புகள் உடனே செய்யக்கூடிய பணி.

இவற்றோடு கொள்கை அளவில் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, உதவி முதலாளியின் பதிவேட்டைச் சார்ந்திராமல் தொழிலாளியின் அடையாள அட்டையோடு செல்ல வேண்டும். அவர் நான்கு பேர் பட்டறையில் வேலை செய்தாலும், கூடம் மாறினாலும், அது அவரைத் தொடர வேண்டும். இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒவ்வொரு திட்டத்திலும் பயனாளிகளின் சாதிவாரிக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய பங்கும் வரையறுக்கப்பட வேண்டும். மூன்றாவது, அரசின் பணிகளைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் 20(4)-ஆம் பிரிவின் பாதுகாப்பு விரிவாக்கப்பட வேண்டும். துப்புரவு ஒப்பந்தங்களின் நிபந்தனையாக இதைச் சேர்க்க ஒரு மாநகராட்சித் தீர்மானமே போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தருவது முதலாளியின் இரக்கம் என்றும், அந்த இரக்கத்துக்கு அரசு தரும் வெகுமதியே ஊக்கத்தொகை என்றும் பார்க்கும் பார்வை மாற வேண்டும். 35-ஆம் பிரிவு அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும் விதிக்கப்பட்ட கடமை. அக்கடமை நிறைவேறியதா என்பதை, கோவை மண்டலத்தில் இதுவரை எத்தனை தலித் மாற்றுத்திறனாளிகள் அதனால் முழு ஊதியத்துடன் வேலை பெற்றார்கள் என்ற எண்ணிக்கையைக் கொண்டே அளக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கேட்டுப் பெறும் வேலையை இந்த மாதத்திலேயே தொடங்குவோம்.